நிழல் தேடி நடப்பவர்களுக்கு மலை ரயில்: குன்னூர்–உதகை, நிலையம் நிலையமாக

குன்னூருக்கும் உதகைக்கும் இடையே ஓடும் பாசஞ்சர் ரயிலைப் பெரும்பாலோர் ஒரு சவாரியாகவே பார்க்கிறார்கள். கோடையில் நடக்க வருபவர்களுக்கு அது அதைவிடப் பெரிய வசதி. ஏறவேண்டிய 500 மீட்டர் உயரத்தை ரயில் ஏற்றிவிடும். நிழல் உள்ள நிலையத்தில் இறங்கி, இறக்கமான சாலையில் நடக்கலாம். அந்த நோக்கில் மட்டும் இந்த வழித்தடத்தை எடைபோட்டுப் பார்க்கிறோம். எந்த நிலையம் நடைக்கு உதவும், எது உதவாது, மிதிவண்டிக்கு இதில் இடம் உண்டா என்பவைதான் கேள்விகள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: தண்டவாளத்தின் மேல் நடக்கக் கூடாது. வெளிநாடுகளில் ரயில் தடத்தில் நடப்பதும் மிதிவண்டி ஓட்டுவதும் பெரிய பொழுதுபோக்கு என்பது உண்மை. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள எல்ராய்–ஸ்பார்ட்டா தடம் 1960களிலேயே அப்படி மாற்றப்பட்டது; மூன்று சுரங்கங்கள் வழியே மிதிவண்டிகள் போகின்றன. ஆனால் அவை ரயில் நின்றுபோன, தண்டவாளம் பெயர்த்தெடுக்கப்பட்ட தடங்கள். நம் மலைப் பாதை உயிரோடு இருக்கிறது. 1899இல் குன்னூர் வரையும் 1908இல் உதகை வரையும் வந்த பாதை இன்றும் தினமும் ஓடுகிறது; 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்தது. தண்டவாளத்தில் அத்துமீறி நுழைவது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை உண்டு. சட்டத்தை விடுங்கள், பாதையின் அமைப்பே ஆபத்தானது. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரை சுமார் 46 கிலோமீட்டரில் 208 வளைவுகள், 250 பாலங்கள், 16 சுரங்கங்கள். பாலங்களில் ஒதுங்கி நிற்க நடைமேடை கிடையாது. ஸ்லீப்பர் கட்டைகளுக்கு நடுவே கீழே பள்ளம் தெரியும். இறக்கத்தில் வரும் ரயில் ஏறும் ரயிலைப்போல முழங்கிக்கொண்டு வராது. வளைவுக்கு அப்பால் இருக்கும்வரை காதுக்கு எட்டாது, எட்டும்போது ஒதுங்க இடமிருக்காது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடைப்பட்ட காட்டில் யானை நடமாட்டம் வேறு. ஹில்குரோவ், ரன்னிமேடு பக்கம் தண்டவாளத்தில் நடந்து போகும் காணொளிகளைப் பார்த்துவிட்டு யாரும் கிளம்ப வேண்டாம்.

பிறகு ஏன் ரயிலை மையமாக வைத்து நடை போடவேண்டும்? சரிவுக்காகத்தான். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் பிடிப்பதற்கு ஓர் எல்லை உண்டு. அதனால் ரயில் பாதை போடுபவர்கள் மலையை நேராக ஏறாமல், சரிவைச் சிறிதாக வைத்து, மலையைச் சுற்றிச் சுற்றிப் போவார்கள். கல்லாறு முதல் குன்னூர் வரை 12 அடிக்கு 1 அடி ஏற்றம் என்பதால் அந்தப் பகுதிக்கு, தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள பல்வரிசையைக் கவ்விக்கொண்டு ஏறும் பல்சக்கர ஏற்பாடு தேவைப்பட்டது. குன்னூருக்கு மேலே ஏற்றம் அதில் ஏறத்தாழ பாதி, 4 விழுக்காட்டை ஒட்டித்தான். பல்சக்கரம் இல்லாமலே டீசல் இன்ஜின் இழுத்துவிடுகிறது. நிலையங்களும் அந்த மென்மையான சரிவில் மலை மேல் வரிசையாக அமைந்திருப்பதால், ஒன்றில் இறங்கி அடுத்ததை நோக்கி நடந்தால் முழங்கால் தாங்கும் இறக்கமே பெரும்பாலும் வாய்க்கும்.

இனி நிழல். மலை என்றாலே நிழல் என்று நினைத்து வருபவர்கள் மே மாதத்தில் தோல் கறுத்துத் திரும்புகிறார்கள். காற்று குளிராக இருப்பதால் வெயில் உறைப்பது தெரிவதில்லை. உயரம் ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் கூடும்போதும் புற ஊதாக் கதிர் சுமார் 10 விழுக்காடு கூடுகிறது. உதகை 2,200 மீட்டரில் இருக்கிறது. அதோடு உதகை சுமார் 11.4 பாகை வட அகலாங்கில் உள்ளதால், ஏப்ரல் 20ஐ ஒட்டிய நாட்களில் நண்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். நம் கடிகாரப்படி அந்த நண்பகல் 12 மணி அல்ல, 12.20.

இதை வைத்தே ஒரு கணக்குப் போடலாம். மே மாத நடுவில், சாலையோரம் நிற்கும் 20 மீட்டர் மரத்தின் நிழல் காலை 9 மணிக்கு 20 மீட்டருக்கும் மேல் நீளும். சாலை முழுவதையும் மூடிவிடும். 10.30க்குப் பத்து மீட்டர். 12.20க்கு மூன்று மீட்டர்கூடத் தேறாது. அதாவது ஓரத்தில் ஒரு வரிசை மரம் மட்டும் உள்ள சாலை 10.30 வரை நிழல் சாலை, அதற்குப் பிறகு வெயில் சாலை. மாலையில் 2.15க்கு மேல் அதே பத்து மீட்டர் நிழல் எதிர்ப்பக்கமாக விழும். நண்பகலிலும் நிழல் வேண்டுமென்றால் இருபுறத்துக் கிளைகளும் தலைக்கு மேல் கைகோத்து நிற்கும் இடம்தான் வேண்டும். அப்படிப்பட்ட இடங்கள் குறைவு.

மரம் எது என்பதும் முக்கியம். கற்பூர மரம் (யூகலிப்டஸ்) உயரமாக நிற்கும். ஆனால் முதிர்ந்த மரத்தின் இலைகள் விளிம்பைச் சூரியனுக்குக் காட்டி நேர்க்கீழாகத் தொங்குவதால் வெயில் வழிந்து இறங்கிவிடும். தூரத்தில் பார்த்து ‘அடர்ந்த தோப்பு’ என்று நம்பிப் போனால் உள்ளே புள்ளி வெயில்தான். சீகை மரம் (வாட்டில்) ஓரளவு நிழல் தரும். பைன் தோப்பு பரவாயில்லை, ஆனால் தரையில் கிடக்கும் ஊசியிலை சரிவில் வழுக்கும். சைப்ரஸ் நல்ல கருநிழல். தேயிலைத் தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்களை நம்பவே கூடாது: கிளை கழித்துவிட்டால் அந்தப் பருவம் முழுவதும் வெறும் கம்பம். எல்லாவற்றுக்கும் மேலே சோலைக்காடு. நாவல் வகைகளும் காட்டுச் செண்பகமும் குட்டையாக, நெருக்கமாக, குடை குடையாகக் கவிந்து நிற்கும் அந்தக் கூரைக்குக் கீழே நண்பகலும் மங்கலாக, ஈரமாக இருக்கும். நீலகிரியில் கோடை நடைக்கு அதற்கு இணை வேறில்லை.

இந்த அளவுகோல்களோடு நிலையங்களைப் பார்ப்போம்.

லவ்டேல்தான் இந்த வழித்தடத்தின் சிறந்த இறங்குமிடம். குன்னூரிலிருந்து ஏறிவரும் ரயில் இங்கே உயரத்தின் உச்சியைத் தொட்டுவிட்டு உதகைக்கு இறங்குகிறது. ஆகவே இங்கிருந்து உதகைக்கு நடப்பது மொத்தத்தில் இறக்கம். நிலையத்தைச் சுற்றியே உயர்ந்த மரங்கள். சாலைக்கு வந்து ஃபெர்ன்ஹில் வழியாக உதகையை நோக்கித் திரும்பினால் சுமார் 5 கிலோமீட்டர். நிதானமாக நடந்தால் ஒன்றே கால் மணி நேரம், குழந்தைகளோடு இரண்டு மணி. மரங்கள் சாலைக்கு நெருக்கமாக நிற்பதால் 10.30 வரை நிழல் உறுதி. அதற்குப் பிறகு தொடர்ச்சி அறுந்து அறுந்து வரும். குறை ஒன்று உண்டு: நடைபாதை இல்லை. மஞ்சூர் பக்கம் போகும் பேருந்துகளும் லாரிகளும் வரும் சாலை என்பதால் எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வலது ஓரமாக, ஒருவர் பின் ஒருவராகப் போகவேண்டும். உட்புற வளைவில் வலது ஓரம் பாறையை ஒட்டிக்கொண்டு, ஒதுங்க இடமில்லாமல் இருந்தால், வளைவுக்கு முன்பே இடப்பக்கம் கடந்து, வளைவு முடிந்ததும் திரும்பி வாருங்கள். ஃபெர்ன்ஹில்லில் ரயில் நிற்கும் என்று நம்பித் திட்டம் போட வேண்டாம். லவ்டேலையும் உதகையையும் மட்டும் கணக்கில் கொள்ளுங்கள்.

கேத்தி பார்க்க அழகு, நடக்க வெயில். நிலையம் சுமார் 2,090 மீட்டர் உயரத்தில், பள்ளத்தாக்கு முழுவதையும் பார்த்தபடி நிற்கிறது. கேத்தி பாலாடா பக்கம் இறங்கினால் கண்ணுக்கெட்டிய தூரம் காரட், பீட்ரூட், உருளைக்கிழங்குப் படிகள்தான், மரம் அரிது. காலை 8 மணிக்கு முன்னால் அல்லது மாலை 4 மணிக்குப் பின்னால் என்றால் சரி. நிழல் தேடுபவர்கள் ரயில் ஜன்னலிலிருந்தே பார்த்துக்கொண்டு லவ்டேலுக்குப் போய்விடலாம்.

அரவங்காட்டில் இறங்க வேண்டியதில்லை. வெடிமருந்துத் தொழிற்சாலை வளாகம் சுற்றிலும் இருக்கிறது. உள்ளே போகவும் படம் எடுக்கவும் தடை.

வெலிங்டனில் இறங்கிக் குன்னூருக்கு நடப்பது குறுகிய, நல்ல நடை. கண்டோன்மென்ட் சாலைகள் சுத்தமாக இருக்கும். பழைய மரங்கள் நன்றாகப் பராமரிக்கப்பட்டவை. ராணுவப் பகுதி என்பதால் அடையாள அட்டை கையில் இருக்கட்டும், செல்போனில் படம் எடுப்பதைத் தவிருங்கள். இந்த நடையைப் பெட்ஃபோர்டு வழியாகச் சிம்ஸ் பூங்காவில் முடித்தால் நண்பகலுக்கும் நிழல் கிடைத்துவிடும். 1874இல் தொடங்கிய, சுமார் 12 ஹெக்டேர் பூங்கா. சரிவில் படிப்படியாக இறங்குகிறது, உருத்திராட்சம் உள்ளிட்ட முதிய மரங்கள் மேலே கூரை போட்டிருக்கின்றன. வழித்தடத்தை ஒட்டி 11 மணிக்கு மேலும் தைரியமாக நடக்கக்கூடிய இடம் இது ஒன்றே. பழக் கண்காட்சி நடக்கும் மே கடைசி நாட்களில் மட்டும் போகாதீர்கள். நிழலில் நிற்கவும் இடமிருக்காது.

ரயிலை விட்டுக் கொஞ்சம் விலகினால் இன்னும் இரண்டு இடங்கள். குன்னூரிலிருந்து லேம்ப்ஸ் ராக் போகும் சாலை முதலில் தேயிலை வெளியாகத்தான் போகும். கடைசிப் பகுதியும் பாறைமுனைக்குச் செல்லும் ஒற்றையடிப் பாதையும் காட்டுக்குள். ஆகவே பேருந்திலோ ஆட்டோவிலோ காடு தொடங்குமிடம் வரை போய், அங்கிருந்து நடப்பதுதான் புத்திசாலித்தனம். இன்னொன்று உதகையிலிருந்து அவலாஞ்சி சாலையில் சுமார் 3 கிலோமீட்டரில் உள்ள கேர்ன் ஹில். வனத்துறையின் பொறுப்பில் உள்ள காடு. அனுமதி பெற்று, அவர்கள் காட்டும் பாதையில் மட்டும் நடக்கவேண்டும். லவ்டேல் நடையை முடித்தவர்கள் அதே நாளில் இதையும் சேர்க்க நினைத்தால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு 2.30க்கு மேல் வைத்துக்கொள்ளலாம், வானம் கறுக்காமல் இருந்தால்.

அந்த நிபந்தனை முக்கியம். ஏப்ரல், மே மாதங்களில் மதியத்துக்குப் பிறகு இடியோடு கோடை மழை இறங்குவது வழக்கம். காலையில் நிழல் தந்த அதே கற்பூர மரமும் சீகை மரமும் மழைக்காற்றில் கிளை முறிக்கும், சில நேரம் வேரோடு சாயும். காற்று எழும்பினால் மரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்தின் தாழ்வாரத்துக்குப் போய்விட வேண்டும். நடையைக் காலையில் முடிக்கச் சொல்வதற்கு வெயிலைப்போலவே இதுவும் காரணம்.

ஆனால் மிகவும் விடியலிலும் கிளம்பக் கூடாது. காட்டெருமையும் கரடியும் தேயிலைத் தோட்டங்களை ஒட்டி நடமாடும் நேரம் அது. 7.30க்கு மேல், சாலையில் ஆள் நடமாட்டம் வந்த பிறகு புறப்படுவது நல்லது. காட்டெருமை வழியில் நின்றால் கத்துவது, கல்லெறிவது, பக்கத்தில் போய்ப் படம் எடுப்பது எதுவும் வேண்டாம். அது நகரும்வரை தூரத்தில் காத்திருங்கள், நகரவில்லையென்றால் திரும்பிவிடுங்கள். ஆக, நமக்குக் கிடைப்பது 7.30 முதல் 10.30 வரை மூன்று மணி நேரம். லவ்டேல்–உதகை அதற்குள் அடங்கும்.

இங்கேதான் ரயில் சேவையின் நேரம் பொருந்துகிறதா என்ற கேள்வி வருகிறது. மேட்டுப்பாளையத்தில் காலை 7.10க்குப் புறப்படும் ரயில் நடைக்கு உதவாது. அது உதகையை அடையவே நண்பகலாகிவிடும். இறங்கியதும் உச்சி வெயில். முந்தின நாளே குன்னூர் வந்து தங்கி, குன்னூரிலிருந்து உதகைக்குப் போகும் காலையின் முதல் பாசஞ்சரைப் பிடிப்பதே வழி. நேர அட்டவணை மாறக்கூடியது, கோடையில் சிறப்பு ரயில்களும் விடுவார்கள். முந்தின நாள் நிலையத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். முன்பதிவுக்குத் தேடும்போது உதகையின் குறியீடு யு.ஏ.எம்., குன்னூர் ஓ.என்.ஆர்., மேட்டுப்பாளையம் எம்.டி.பி. மே மாத முன்பதிவு இடங்கள் வெகு சீக்கிரம் தீர்ந்துவிடும். முன்பதிவில்லாத சீட்டு நிலையத்தில் கிடைக்கும், ஆனால் இருக்கைகள் குறைவு. வார இறுதியில் ஒரு மணி நேரம் முன்னால் வரிசையில் நிற்க வேண்டும். ரயிலிலும் அரசுப் பேருந்திலும் வருபவர்களுக்கு இ-பாஸ் தொல்லை இல்லை. 2024 மே முதல் சொந்த வண்டியிலும் வாடகை வண்டியிலும் வருபவர்களுக்கு அது கட்டாயம். கோடை வார இறுதிகளில் வண்டி எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்திருக்கிறார்கள் என்பதால் நடைக்காரர்களுக்கு ரயில் இரட்டிப்பு நன்மை.

மிதிவண்டிக்காரர்களுக்கு இந்தச் சேவை உதவாது என்றே சொல்லவேண்டும். பெட்டிகள் சிறியவை, மிதிவண்டியை உள்ளே வைக்க இடமில்லை. ஆகவே வண்டியைச் சாலை வழியாகத்தான் மேலே கொண்டுவர வேண்டும். உதகை–குன்னூர் தேசிய நெடுஞ்சாலை கோடையில் வண்டி நெரிசலும் புகையுமாக இருக்கும், அதில் மகிழ்ச்சியில்லை. இதற்கு மாற்றாக லவ்டேலிலிருந்து கொல்லிமலை ஓரநள்ளி என்ற சிற்றூர், கேத்தி பாலாடா, சேலாஸ், காட்டேரி வழியாக இறங்கும் சாலை இருக்கிறது. முதல் பகுதி நிழல், நடுப்பகுதி திறந்த காய்கறித் தோட்டங்கள். வெயிலான நடுப்பகுதியை 9 மணிக்குள் கடந்துவிட வேண்டுமென்பதே இதன் சூத்திரம். முடிவில் மேட்டுப்பாளையம் சாலையில் சேரும். அங்கிருந்து குன்னூருக்குச் சில கிலோமீட்டர் ஏற்றம் பாக்கி இருக்கும் என்பதை மறக்காமல் கொஞ்சம் தெம்பை மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள்.

மலைக்கு வண்டியில் மூன்று விஷயம் சரியாக இருக்க வேண்டும். முதலாவது கியர்: முன்பல் சக்கரமும் பின்பல் சக்கரமும் சம எண்ணிக்கையாக, உதாரணமாக 32க்கு 32, இருக்கும் கியர் ஒன்று தேவை. நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் மூச்சு வாங்காமல் ஏறலாம். சமவெளிக்கான ஒற்றைக் கியர் வண்டியை இங்கே தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும். இரண்டாவது பிரேக்: நீண்ட இறக்கத்தில் விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் சூடாகிக் கட்டை தேயும், டியூப் வெடிக்கவும் கூடும். வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, பிறகு விட்டுவிட வேண்டும்; முன்னும் பின்னும் மாற்றி மாற்றிப் பிடிக்கலாம். கட்டையில் உள்ள பள்ளக் கோடு தேய்ந்து மறைந்திருந்தால் கிளம்பும் முன்பே மாற்றிவிடுங்கள். மூன்றாவது டயர்: 35 முதல் 40 மில்லிமீட்டர் அகலத்துக்கு 45 முதல் 55 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் போதும். கல்லாக அடைத்துக்கொண்டு வந்தால் நிழல் சாலையின் ஈரத்தில் பிடிப்பு குறையும்.

நிழல் சாலைக்கே உரிய ஆபத்தும் உண்டு, மிதிவண்டிக்காரர்கள் இதைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். வெயிலிலிருந்து திடீரென்று இருண்ட மரக்கூரைக்குள் நுழையும்போது சில நொடிகள் கண் தெளியாது. உங்களுக்கு மட்டுமல்ல, பின்னால் வரும் பேருந்து ஓட்டுநருக்கும்தான். புள்ளி வெயிலில் கறுப்பு, பச்சை உடை மறைந்தேபோகும். பட்டப்பகலிலும் பின்விளக்கை மினுக்கவிடுங்கள். மஞ்சளோ ஆரஞ்சோ சட்டை போடுங்கள். கறுப்புக் கண்ணாடியைவிட வெளிர்நிறக் கண்ணாடி இங்கே உகந்தது. எப்போதும் நிழலாக இருக்கும் வளைவில் பாசி படிந்திருக்கும், உதிர்ந்த கற்பூரப் பட்டை கிடக்கும். அங்கே பிரேக் பிடித்தாலோ வண்டியைச் சாய்த்தாலோ சறுக்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும்.

சமமான இடத்தில், குழந்தைகளோடு, வாடகை வண்டியில் ஓட்டினால் போதும் என்பவர்களுக்குப் பழனி மலைதான் சரி. கொடைக்கானலுக்கு ரயில் இல்லை. கொடைக்கானல் ரோடு நிலையம் கீழே சமவெளியிலேயே நின்றுவிடுகிறது. ஆனால் ஏரியைச் சுற்றி சுமார் 5 கிலோமீட்டர், ஏற்றமே இல்லாத சாலை, கரையிலேயே வாடகை மிதிவண்டி. எடுக்கும்போது இரண்டு பிரேக்கையும் பிடித்து வண்டியைத் தள்ளிப் பாருங்கள். இருக்கையை மிதியடி கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கும் அளவுக்கு உயர்த்தச் சொல்லுங்கள். காலை 9 மணிக்குள் முடித்துவிட்டால் கூட்டமும் குறைவு, நிழலும் நீளம்.

நடையில் முழு நிழலே வேண்டும், ரயில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்பவர்கள் கோத்தகிரியின் லாங்வுட் சோலைக்குப் போகலாம். சுமார் 116 ஹெக்டேர். ஊருக்குப் பக்கத்திலேயே தப்பிப் பிழைத்த அசல் சோலைக்காடு, சுற்றுவட்டாரத்துக்கு நீர் தரும் இடம், 2024இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. வனத்துறை அனுமதியோடும் வழிகாட்டியோடும் மட்டுமே செல்லவேண்டும். முழுக்கை, முழுக்கால் உடை தேவை: ஓரங்களில் தொட்டால் எரியும் காஞ்சொறி வகைச் செடிகள் இருக்கும், கோடை மழை பெய்த மறுநாள் அட்டையும் வரும். மிதிவண்டிக்கு இடமில்லை.

தண்ணீர் பற்றி: நடைக்கு மணிக்கு அரை லிட்டர், மிதிவண்டிக்கு முக்கால் லிட்டர் கணக்கு வையுங்கள். குளிரில் தாகம் தெரியாது, அதற்காகக் குடிக்காமல் இருந்துவிடக் கூடாது. நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. எவர்சில்வர் பாட்டிலில் குன்னூரிலேயே நிரப்பிக்கொண்டு ரயிலேறுங்கள், லவ்டேலுக்கும் உதகைக்கும் நடுவே நிரப்ப இடம் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். உதகையில் நடை முடிந்ததும் குன்னூருக்குத் திரும்ப மாலை ரயிலுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. அரசுப் பேருந்து அடிக்கடி இருக்கிறது. பேருந்து நிலையமும் ரயில் நிலையத்துக்கு மிக அருகிலேயே இருக்கிறது.